பேட்டர்ன் பார்த்துத் தைத்த பை ஏன் நிமிர்ந்து நிற்கவில்லை?

குளச்சல் பக்கத்திலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு. இணையத்தில் காசு கொடுத்து ஒரு தோள்பைப் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான வரைபடம்) வாங்கி, வீட்டில் அச்செடுத்து, அதில் சொன்னபடியே வெட்டித் தைத்திருக்கிறீர்கள். ஆனால் பை படத்தில் இருப்பதுபோல் நிற்காமல் தொய்கிறது. முன், பின் உடம்புத் துண்டுகளை இணைக்கும் பக்கப்பட்டி அவற்றைவிட நீளமாக வந்திருக்கிறது. லைனிங் வாய்ப்பக்கம் வெளியே தெரிகிறது. கைப்பிடி சேரும் இடத்தில் மிஷின் தையல் விடுகிறது. “மிதிக்கிற மிஷினை மாற்றி ஒரு பவர் மிஷின் வாங்கினால் சரியாகுமா, அப்புறம் விற்கத் தொடங்கலாமா” என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு என்னவோ, குறை மிஷினிலா, என் கையிலா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று படுகிறது. நான் தக்கலைப் பக்கம் பல வருடங்களாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன், கல்யாண வீடுகளுக்கும் கடைகளுக்கும் பை தைத்துக் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன நான்கில் மூன்று குறைகள் ஊசி துணியில் இறங்குவதற்கு முன்பே வந்துவிட்டவை. நான்காவதுக்கும் மிஷினைக் கடைசியாகச் சந்தேகப்பட்டால் போதும்.

முதலில் பக்கப்பட்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அச்சில்தான் கோளாறு. அமெரிக்கப் பேட்டர்ன்கள் பெரும்பாலும் அங்கே புழங்கும் லெட்டர் தாளுக்கு வரைந்தவை. அந்தத் தாள் 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். நம் ஏ4 தாள் 210-க்கு 297. அகலத்தில் 6 மி.மீ. குறைவதால், பிரிண்டரில் ‘ஃபிட் டு பேஜ்’ என்று இருந்தால் அது படத்தைச் சுருக்கி அச்சடிக்கும். 100 சதவீதம் 97 ஆகிவிடும், ஓர இடைவெளியையும் கணக்கில் எடுக்கும் பிரிண்டர் என்றால் இன்னும் கீழே போகும். எல்லாத் துண்டும் ஒரே அளவில் சுருங்கினால் பை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் பைப் பேட்டர்ன்களில் வளைவுள்ள துண்டுகளைத்தான் படமாக வரைவார்கள். பக்கப்பட்டி, கைப்பிடி, ஜிப் பட்டி போன்ற நீள்சதுரங்களை ‘இத்தனை அங்குலத்துக்கு இத்தனை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். நீங்கள் அவற்றை ஸ்கேல் வைத்து முழு அளவில் வெட்டியிருப்பீர்கள். உடம்புத் துண்டின் இரு பக்கமும் அடியும் சேர்ந்து 90 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருங்கிய அச்சில் அது 87 செ.மீ. சொச்சம்தான், பட்டியோ 90. அந்த மிச்சம் இரண்டே முக்கால் சென்டிமீட்டரைத்தான் நீங்கள் இழுத்தும் சுருக்கியும் சேர்த்திருப்பீர்கள்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். பேட்டர்னின் முதல் பக்கத்தில் சோதனைச் சதுரம் ஒன்று இருக்கும், 1 அங்குலமோ 2 அங்குலமோ. அதை அளந்து பாருங்கள். 2 அங்குலச் சதுரம் என்றால் 5.1 செ.மீ. இருக்க வேண்டும், 4.9 வந்தால் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘ஆக்சுவல் சைஸ்’ வைத்து மறுபடி அச்செடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அங்கே வழக்கமாகப் பக்கத்துக்குப் பொருத்தித்தான் எடுப்பார்கள். அதோடு, தையலுக்கு விடும் துணி பேட்டர்னுக்குள் இருக்கிறதா, நாம் சேர்க்க வேண்டுமா என்றும் பாருங்கள். ஜப்பானியப் பேட்டர்ன்கள் பலவற்றில் அது சேர்ந்திருக்காது, நாம் சுற்றிலும் 1 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். அமெரிக்கப் பைப் பேட்டர்ன்களில் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், ஆனால் அது கால் அங்குலமா அரை அங்குலமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். பிளவுஸ் தைத்துப் பழகிய கை தானாகவே தாராளமாக உள்ளே தள்ளிப் பிடிக்கும், பையில் அது ஒவ்வொரு மூலையிலும் அளவைத் தின்றுவிடும். தாளில் குத்தியிருக்கும் புள்ளியை நம்பி வேலை செய்வது நம் ஊருக்குப் புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மிஷனரி ஒருவரின் மனைவியான மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த தலையணை லேஸ் முழுக்க அப்படித்தான் நடந்தது. வரைபடத்தைத் தலையணைமேல் பொருத்தி, அதில் உள்ள துளையில்தான் ஊசி குத்த வேண்டும். துளை தள்ளிப்போனால் லேஸே கோணிவிடும்.

பை தொய்வது அடுத்தது. படத்தில் இருக்கும் பை நிற்பதற்கும் அதன் மேல்துணிக்கும் சம்பந்தம் குறைவு, உள்ளே இருப்பதுதான் அதைத் தாங்குகிறது. நீங்கள் வாங்கிய பேட்டர்னின் பொருள்பட்டியலில் எஸ்எஃப்101, சாஃப்ட் அண்ட் ஸ்டேபிள் என்று ஏதாவது இருந்திருக்கும். அவை இங்கே கடையில் கிடைக்கவில்லை என்று சூட்டில் ஒட்டும் சாதாரண உள்துணியான பேஸ்டிங் கேன்வாஸ் மட்டும் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எஸ்எஃப்101 என்பது இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய நெசவுத் துணி. சட்டைக் காலருக்கு வைக்கும் பேஸ்டிங்கிலேயே மெல்லிய ரகம் அதன் வேலையைச் செய்யும். துணிக்கு ஒரு சதை கொடுக்கும், ஆனால் பையை நிறுத்தாது. நிறுத்துவது இரண்டாவது பொருள், இரு பக்கமும் துணி ஒட்டிய ஃபோம். கார் சீட் கவர் தைக்கும் கடைகளில் துணி ஒட்டிய 3 மி.மீ., 5 மி.மீ. ஃபோம் கேட்டுப் பாருங்கள், தோள்பைக்கு 3 மி.மீ. போதும். துணி ஒட்டாத வெறும் ஸ்பஞ்ச் வேண்டாம், ஊசி போகும் கோட்டிலேயே கிழிந்து தூளாகும். பசை போட்டு விறைப்பாக்கிய துணியான பக்ரம் வைத்தால் கடையில் இருக்கும்வரை பை விறைப்பாக நிற்கும், ஒருமுறை நனைந்தால் பசை போய்விடும், மடிந்த இடத்தில் கோடு விழும். தொப்பிக்கும் சுவர்த் தோரணத்துக்கும் அது நல்ல பொருள், தினமும் சுமக்கும் பைக்கு அதை நான் வைப்பதில்லை.

ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காதீர்கள். ஈரத்துணி ஒன்றை மேலே போட்டு, ஓர் இடத்தில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஆறும்வரை துணியை அசைக்கக் கூடாது, சூட்டில் இளகிய பசை ஆறும்போதுதான் பிடிக்கிறது. பலருக்குக் குமிழ் குமிழாகக் கிளம்பும். பசை மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் மேல்துணியை அலசாமல் வெட்டியதுதான் காரணம். வெளுக்காத பருத்தித் துணியான காடாவும் கைத்தறியும் முதல் ஈரத்தில் சுருங்கும், ஒட்டிய பேஸ்டிங் சுருங்காது, இரண்டுக்கும் நடுவில் காற்று நிற்கும். பழைய நேரியலில் (முண்டோடு மேலே போர்த்தும் துணி) பை கேட்டு என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள், அம்மாவுடையது, பாட்டியுடையது என்று. அந்தத் துணி தனியாக ஒரு பையைத் தாங்காது. பின்னால் அலசிக் காயவைத்த காடாவை வைத்து, கட்டம் கட்டமாகத் தைத்து இரண்டையும் ஒரே துணியாக்கிக்கொண்டு அப்புறம் பேட்டர்ன் வையுங்கள். அதன் கசவுக் கரையில், அதாவது ஜரிகையில், நேரடியாகச் சூடு படக் கூடாது.

வெட்டும்போது தாளில் உள்ள அம்புக்குறி கரைக்கு இணையாக ஓடட்டும். துணி மிச்சம் பிடிக்கக் கைப்பிடியைக் குறுக்கில் வெட்டினால், சந்தைக்குப் போய் இரண்டு கிலோ மரச்சீனிக் கிழங்கு வாங்கிப் போட்டதும் அது நீளத் தொடங்கிவிடும்.

லைனிங் வெளியே தெரிவதற்குக் காரணம் எளிது. உள்ளே ஃபோமோ கேன்வாஸோ இருக்கும் பையின் உட்புறம், அந்தக் கனத்தின் அளவுக்கு வெளிப்புறத்தைவிடச் சின்னது. பேட்டர்ன் இரண்டையும் ஒரே அளவில் வெட்டச் சொல்லும், அப்போது லைனிங் உள்ளே இடம் போதாமல் மேலே ஏறும். வெட்டும் அளவை மாற்ற வேண்டாம். லைனிங்கின் பக்கத் தையல்களை மட்டும் 3 மி.மீ. கூடுதலாக உள்ளே பிடித்துத் தையுங்கள், அடித் தையலை 5 மி.மீ. உள்ளே பிடியுங்கள். இன்னும் நன்றாக வர வேண்டுமானால், வாய்ப்பக்கம் 4, 5 செ.மீ.-க்கு மேல்துணியிலேயே ஒரு பட்டி வெட்டி, அதன் கீழே லைனிங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எட்டிப் பார்த்தாலும் தெரிவது மேல்துணிதான். கடையில் விலை கூடிய பை ஒன்றைத் திறந்து பாருங்கள், அநேகமாக இந்தப் பட்டி இருக்கும்.

இனி தையல் விடுவது. உங்கள் மிஷினை நான் தொட்டுப் பார்க்காததால் இங்கே சொல்வதில் ஒரு பகுதி ஊகம். ஊகமில்லாதது இது: ஊசி கீழே போய்த் திரும்ப மேலே வரத் தொடங்கும் அந்தக் கணத்தில், ஊசிக் கண்ணருகே நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். தட்டுக்கு அடியில் இருக்கும் ஷட்டிலின் முனை அந்த வளையத்துக்குள் நுழைந்து, அதை அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோனால்தான் ஒரு தையல் விழும். வளையம் உண்டாக, துணி கீழே தட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கைப்பிடி இருக்கும் மேட்டில் ஏறும்போது துணியைப் பிடிக்கும் ஃபுட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், துணியைச் சமமாக அழுத்தாது, ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பும். வளையம் உண்டாகாது, ஷட்டில் வெறுமனே சுற்றிவிட்டுப் போகும். அதைத்தான் தையல் விடுகிறது என்கிறோம். இது எந்த மிஷினிலும் நடக்கும்.

ஆகவே மேட்டைக் குறைப்பதுதான் முதல் வேலை. உங்கள் பையில் அந்த இடத்தில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கைப்பிடித் துணி நான்கு மடிப்பு, அதற்குள் கேன்வாஸ் இரண்டு, மேல்துணி, அதன் பேஸ்டிங், ஃபோம், லைனிங் என்று பத்து அடுக்கு ஆகிறது. இதில் ஃபோமும் கேன்வாஸும் தையலுக்குள் வரவே தேவையில்லை. ஃபோமைப் பேட்டர்னைவிடச் சுற்றிலும் 1 செ.மீ. குறைத்து வெட்டி மேல்துணியில் பொருத்தி, ஓரத்தை ஒட்டி ஒரு தையல் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பிடிக்கு 10 செ.மீ. பட்டியை நான்காக மடித்தால் இரண்டரை செ.மீ. கைப்பிடி. அதற்குள் வைக்கும் கேன்வாஸையும் இரண்டரை செ.மீ.-க்கே வெட்டினால் மடிப்பில் அது இரட்டிக்காது. தைத்த பிறகு உள்ளே நிற்கும் துணி ஓரங்களை ஒரே அளவில் விடாமல் படிப்படியாக நறுக்கிவிடுங்கள். அப்புறம் தைக்கப்போகும் இடத்தை ஒரு துணி போட்டு மூடிச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். வகுப்பில் சுத்தியல் எடுத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், தட்டி முடித்துத் தொட்டுப் பார்த்ததும் அந்த இடம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

மேடு குறைந்த பிறகும் ஃபுட் சாய்ந்தால், அதன் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு முட்டுக் கொடுங்கள். ஜீன்ஸ் துணித்துண்டை மூன்று நான்காக மடித்து, மேட்டின் உயரத்துக்குச் சமமாக்கி, ஊசிக்குப் பின்னால் ஃபுட்டுக்குக் கீழே நுழைத்தால் ஃபுட் மட்டமாகிவிடும். மேட்டைத் தாண்டி இறங்கும்போது அதே துண்டை முன்பக்கம் வைக்க வேண்டும். அந்த ஐந்தாறு தையலுக்கு மிதிக்காதீர்கள், கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஊசி 16-ஆம் நம்பர் போடுங்கள், ஜீன்ஸும் ஃபோமும் சேர்ந்தால் 18. பிளவுஸுக்குப் போட்ட 14-ஐயே வைத்திருந்தால் அது கனத்துக்குள் வளையும், வளைந்த ஊசியை ஷட்டில் முனை தொடாது. புது ஊசியை முழுக்க மேலே தள்ளித் திருகினீர்களா என்றும் பாருங்கள். தையல் நீளம் மூன்று, மூன்றரை மி.மீ. இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைக்கிறோம், கனத்த துணியில் அது வரிசையாக ஓட்டை போட்டுக் கிழிசலுக்கு வழி செய்துவிடும். நூல் பாலியஸ்டர். இத்தனையும் செய்து, இரண்டே மடிப்புக் காடாவிலும் தையல் விடுகிறது என்றால் ஷட்டிலும் ஊசியும் சந்திக்கும் நேரம் தவறியிருக்கலாம். அதை மெக்கானிக் திறந்து பார்க்க வேண்டும், எழுத்தில் சொல்ல முடியாது.

பவர் மிஷின் இப்போது வேண்டாம். காலால் மிதிக்கும் கறுப்பு மிஷினின் கனத்த இரும்பு உடம்பும் பெரிய சக்கரமும் பைக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். லேசான கரண்ட் மிஷின்களைவிட அதில் கை நின்று வேலை செய்கிறது என்பது என் அனுபவம். மாதம் முழுக்க ஆர்டர் ஓடி, கால் வலிக்கும் நிலை வந்தால் வாங்குங்கள். அப்போதும் ரெக்ஸின், தோல் என்று போவீர்களா, துணியோடு நிற்பீர்களா என்று தீர்மானித்த பிறகு வாங்குங்கள், இரண்டுக்கும் வேண்டிய மிஷின் வேறு. தோல் வேலை நான் செய்ததில்லை, அதில் என் யோசனையைக் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, கடலோரத்தில் இருப்பதால் சொல்கிறேன். உப்புக்காற்றில் இரும்பு வளையம் ஒரு மழைக்காலம் தாண்டாது, துரு துணியில் இறங்கினால் போகாது. தோள்பட்டிக்கான டி ரிங், அட்ஜஸ்டர் வாங்கப் போகும்போது கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். மேலே தங்க நிறம் மின்னினாலும் காந்தம் பிடித்தால் உள்ளே இரும்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையைக் காந்தம் பிடிக்காது. ஜிப்பில் இரும்புப் பல்லைவிட நைலான் ஜிப் நல்லது, தோள்பைக்கு 5-ஆம் நம்பர், சின்னப் பர்ஸுக்கு 3. அடியில் அட்டை வைக்காதீர்கள். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அட்டை ஈரத்தை வாங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழைய பிளாஸ்டிக் ஃபைலை வெட்டி, மூலையை வளைத்து, ஒரு துணி உறைக்குள் போட்டுக் கழற்றக்கூடியதாக வையுங்கள். ரெக்ஸின் வாங்கினால், மெத்தென்று தோல்போல இருக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) ரகம் ஈரக்காற்றில் சில வருடத்தில் உரியும் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

விற்பது பற்றி. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் துணிப்பையைப் பழக்கப்படுத்த அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. அதிலிருந்து சாதாரணத் துணிப்பை எங்கும் மலிவாகக் கிடைக்கிறது, அந்த விலையோடு வீட்டுத் தையல் போட்டி போடக் கூடாது. லைனிங், உள்பாக்கெட், ஜிப் வைத்த பைக்குத்தான் உங்கள் நேரத்துக்கான கூலி தேறும். ஒரே மாதிரியில் ஐந்து பை தைத்து, ஐந்தாவதுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி, அந்த நேரத்துக்குக் கூலி போட்டு விலை வையுங்கள், முதல் பைக்கு ஆன நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். அதற்கு முன், வாங்கிய பேட்டர்னின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். தைத்ததை விற்கலாம் என்று சிலர் அனுமதிப்பார்கள், வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று சிலர் எழுதியிருப்பார்கள். அந்தக் கட்டுப்பாடு சட்டப்படி எவ்வளவு தூரம் நிற்கும் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, வரைந்தவரிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுவது மரியாதை. ஆனால் அந்தக் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவது தப்பு, அதில் இரண்டு பேச்சில்லை.

விற்பதற்கு நீங்களே வரைந்துகொள்ளும் பை ஒன்று சொல்கிறேன். முடிந்த பை 30 செ.மீ. அகலம், 28 உயரம், அடி 10 வேண்டும் என்று வையுங்கள். அகலத்தோடு அடியைக் கூட்டினால் 40, இரு பக்கத் தையலுக்கு 2, ஆக 42. உயரத்தோடு அடியில் பாதி 5, மேலும் கீழும் தையலுக்கு 2, ஆக 35. 42-க்கு 35-ல் இரண்டு துண்டு வெட்டி, பக்கங்களையும் அடியையும் தைத்துவிடுங்கள். பிறகு மூலையைப் பிடித்து, பக்கத் தையல் அடித் தையலின் மேல் நேராக வரும்படி படுக்க வைத்தால் அது முக்கோணமாக நிற்கும். தையல் முடியும் முனையிலிருந்து 5 செ.மீ. உள்ளே குறுக்கே ஒரு கோடு போட்டால் அந்தக் கோடு சரியாக 10 செ.மீ. இருக்கும். அதன்மேல் இரண்டு முறை தைத்து, 1 செ.மீ. விட்டு மூலையை வெட்டிவிடுங்கள். லைனிங்குக்கும் இதே வெட்டு, மேலே சொன்ன 3 மி.மீ., 5 மி.மீ. கணக்கோடு. லைனிங்கின் அடியில் 15 செ.மீ. தைக்காமல் விட்டால் பையைத் திருப்ப வழி கிடைக்கும். கைப்பிடிக்கு முதல் இரண்டு மூன்று பைகளில் காட்டன் பெல்ட் நாடா போடுங்கள், அடுக்குப் பாதியாகக் குறையும், உங்கள் மிஷினும் தையல் விடாது. இதைத் தைத்துப் பார்த்துவிட்டு, குறை இருந்தால் பையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி ஒரு படம் போடுங்கள். வெளிப்பக்கப் படத்தை வைத்து என்னால் அதிகம் சொல்ல முடியாது.